நாடாக் கண்

ஏப்ரல் 22, வியாழன்

கோகிலா ஃபோனில் ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். அம்மாவுக்குக் காலையில் மூச்சு எப்படி, சாயங்காலம் எப்படி, எதைத் தின்றால் இழுக்கிறது என்று தினமும் எழுதி வைக்க வேண்டுமாம். டாக்டரிடம் போனால் நான் வாய்க்கு வந்ததை உளறுகிறேனாம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் கணக்கெழுதப் போனதிலிருந்து என் மகளுக்கு எல்லாமே எழுத்தில் இருக்க வேண்டும். பொங்கலுக்கு முதலாளி கொடுத்த டைரி பெட்டி மேல் சும்மா கிடந்தது, எடுத்துவிட்டேன்.

பாவாயிக்குக் காலையில் கொஞ்சம் இழுத்தது. பிறகு பரவாயில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தறிப்பட்டறையில் பஞ்சுத் தூசியைத் தின்கிறவளுக்கு இழுக்காமல் என்ன செய்யும்.

எங்கள் பட்டறை ஊருக்கு வெளியே, காவிரிக்குப் போகிற வழியில் இருக்கிறது. சுற்றிலும் சுவர், முன்னால் ஒரு இரும்புக் கேட். உள்ளே தறிகள், பின்னால் வேலைக்காரர்களுக்கு வரிசை வீடு. ஒன்றில் நானும் பாவாயியும், பக்கத்தில் காளியண்ணன். பகலில் நாங்கள் இரண்டு பேரும் தறி ஓட்டுவோம், ராத்திரிக்கு அதே தறிகளில் அவன் ஏறுவான். அவன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு அந்தியூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள். அவள் மேல் தப்பில்லை.

தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றிய தார்க்குச்சி இருக்கும். அதில் நூல் தீர்ந்ததும் புதுத் தாரை மாட்டி, நாடாவின் ஓரத்தில் இருக்கிற சின்னக் கண்ணில் வாயை வைத்து ஒரு இழுப்பு உறிஞ்சினால் நூல் நுனி நாக்குக்கு வந்துவிடும். கூடவே பஞ்சும் வரும். பாவாயியின் நெஞ்சைக் கெடுத்ததில் அந்தப் பஞ்சுக்கும் பங்கு உண்டு என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவளுடைய நாடாக்களுக்கும் நான்தான் உறிஞ்சித் தருகிறேன். அவள் வாங்கித் தறியில் போடுவதோடு சரி. பெண்டாட்டிக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிற மாப்பிள்ளை என்று காளியண்ணன் கேலி செய்வான். செய்யட்டும்.

மத்தியானம் நகராட்சி ஆட்டோ ஒலிபெருக்கியோடு வந்தது. எனக்குக் காது மந்தம். தறிச் சத்தத்திலேயே கிடந்து வந்த வினை. பாவாயிதான் காதில் வாயை வைத்துத் திருப்பிச் சொன்னாள்: அறிகுறி இல்லாதவர்கள் மூலமாகவும் கொரோனா பரவுமாம். காய்ச்சல் இருமல் ஒன்றும் இல்லாமல், ஆள் பார்க்க நன்றாகவே இருப்பானாம், ஆனால் பேசினாலே அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவானாம். இருமுகிறவனை விரட்டலாம். நன்றாக இருக்கிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏப்ரல் 24, சனி

பாவாயி மூச்சுக்கு இழுக்கிற பம்ப் தீர்ந்துபோனது. இங்கே எந்தக் கடையிலும் இல்லை. ஈரோட்டுக்குப் போனேன். நாளை ஞாயிறு ஊரடங்கு என்று இன்றைக்கே உலகம் முழுக்க அங்கே வந்து நின்றது. மருந்துக் கடையில் நுழைய இடமில்லை. கடைப் பையன் மாஸ்க்குக்குள் முணுமுணுத்தது எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. என்னுடையதைத் தாடைக்கு இறக்கிவிட்டு, அவனுடையதையும் இறக்கச் சொல்லி, மேஜை மேல் எக்கி அவன் வாய்க்கு நேரே காதைக் கொடுத்துத்தான் வாங்க முடிந்தது. பின்னால் ஒருவன் என் கழுத்திலேயே இருமினான். மனுஷனா அவன் என்று திட்டிவிட்டு வந்தேன்.

பம்ப் கிடைத்துவிட்டது. இரண்டாக வாங்கிவிட்டேன். பாவாயியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, நகை வாங்கிக் கொடுத்த மாதிரி.

ஏப்ரல் 26, திங்கள்

டாக்டரம்மா போன மாதமே சொல்லியிருக்கிறாள், இவளுக்கு அது வந்தால் நெஞ்சு தாங்காது என்று. அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்தக் கேட்டைத் தாண்டி அது உள்ளே வரக் கூடாது. முதலாளியிடம் கேட்டுப் பெரிய பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறேன், சாவி என் சட்டைப் பையில். பாவாயி வெளியே கால் வைக்கக் கூடாது. கடை கண்ணிக்கு நான் போவேன். மீன் மீன் என்று பவானிக்கு அலைகிற காளியண்ணனும் இனி போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பால்காரன் கேட்டில் தொங்கும் தூக்குப்போசிப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு அப்படியே போய்விட வேண்டும், நின்று ஊர்க்கதை பேசக் கூடாது. வாசலில் மஞ்சள் தண்ணீர், வேப்பிலை எல்லாம் ஆயிற்று.

மாரியாத்தா கோயில் மாதிரி இருக்குது என்று பாவாயி சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு இழுக்கும். இன்று இழுக்கவில்லை.

ஏப்ரல் 28, புதன்

மூச்சு நன்றாக இருந்தது. முட்டைக் குழம்பு வைத்துத் தின்றாள்.

மே 1, சனி

காளியண்ணனுக்குக் காய்ச்சல். சாயங்காலம் தறிக்கு வராமல் படுத்துக் கிடந்தான். எட்டி நின்று பார்த்தேன், கண் சிவந்து, உடம்பு நடுங்குகிறது. மீன் மீன் என்று பவானிக்கு அலைந்தான் அல்லவா, அங்கே வாங்கி வந்திருக்கிறான். முதலாளிக்குச் சொன்னேன். அவர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அனுப்பிவைத்தார். வெளியே மூச்சு விடாதே செங்கோடா, பட்டறையை மூடிவிடுவார்கள் என்று என்னிடம் சொன்னார். நான் எதற்குச் சொல்கிறேன்.

போகும்போது காளியண்ணன் ஆம்புலன்ஸ் படியில் நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மடையன். சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் இப்படி ஆகுமா.

மே 2, ஞாயிறு

அவன் வாய் வைத்த நாடாக்கள் அத்தனையையும் வெந்நீரில் மஞ்சள் போட்டுத் துடைத்துக் காய வைத்தேன். கண்ணுக்குள் தூசி கூட இல்லாமல் குச்சியால் குடைந்து எடுத்தேன். அப்படியும் மனசு ஒப்பவில்லை. ஒரு நாடாவைக்கூடப் பாவாயி வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நடுவில் நூல் அறுந்தால் அவசரத்துக்கு அவளே உறிஞ்சிவிடுவாள், அதுவும் இனிமேல் வேண்டாம், என்னைக் கூப்பிட வேண்டும். எல்லாவற்றையும் நானே முதலில் உறிஞ்சிப் பார்த்து, நூலை எடுத்து, அவள் தறியோரத்தில் வரிசையாக வைத்துவிட்டேன். வருவது எனக்கு வந்துவிட்டுப் போகட்டும்.

மே 5, புதன்

இன்றைக்கு ஒரு நல்ல நாள். எழுதி வைக்கிறேன்.

காளியண்ணன் போய் இத்தனை நாளாகியும் எனக்கு ஒரு தும்மல் கூட இல்லை. இரண்டு ஆள் வேலையை ஒருவனாகப் பார்க்கிறேன், அசதி கூட இல்லை. எனக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்று பாவாயியைக் கேட்டேன். கோகிலா பிறந்த வருஷம் ஒரு தடவை என்றாள். அதுவும் பயத்தில் வந்தது.

மத்தியானம் கரண்டு போய்விட்டது. தறியெல்லாம் நின்று பட்டறை கம்மென்று ஆனது. வருமென்று காத்திருந்தோம், வரவே இல்லை. பாவு நூல் சுற்றிய உருளைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்து நிலக்கடலை தின்றோம். கோகிலாவுக்கு எடுக்க வேண்டிய சேலை, வாங்க வேண்டிய மிக்சி, பார்க்க வேண்டிய மாப்பிள்ளை என்று பேச்சு போனது. நான் பழக்கதோஷத்தில் அவள் காதில் வாயை வைத்தே பேசிக்கொண்டிருந்தேன். "தறிதான் நின்னுபோச்சே, எதுக்குங்க காதைக் கடிக்கறீங்க" என்றாள். நான் நகரவில்லை. அவளும் தள்ளிவிடவில்லை.

வெளியே அந்த ஆட்டோ மறுபடியும் போனது. அறிகுறி இல்லாதவர்கள், அறிகுறி இல்லாதவர்கள். எனக்கு அந்தப் பால்காரன் மேல்தான் சந்தேகம். எந்நேரமும் நன்றாகவே இருக்கிறான்.

மே 9, ஞாயிறு

இதை எழுதினால்தான் மனசு அடங்கும்.

நாளையிலிருந்து முழு ஊரடங்கு. ஊருக்குப் போகிறவர்கள் போகட்டும் என்று இன்று வரைக்கும் பஸ் விட்டிருக்கிறார்கள். கோகிலா ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வந்து நிற்கிறாள். முன்னாடியே சொன்னால் வேண்டாம் என்பேன் என்று அவளுக்குத் தெரியும். தோளில் பை, கையில் அம்மாவுக்குச் சாத்துக்குடி. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொங்கலுக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். இளைத்துப் போயிருந்தாள்.

சாவி என் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

கம்பெனியில் எல்லோருக்கும் பரிசோதனை செய்தார்களாம், அவளுக்கு இல்லை என்று வந்ததாம். ஃபோனை நீட்டிக் காட்டினாள். அது என்றைக்கு எடுத்தது, அதற்குப் பிறகு பஸ்ஸில் எத்தனை பேரோடு வந்தாய் என்று கேட்டேன். மாஸ்க்கைக் கழற்றி முகத்தைக் காட்டினாள், காய்ச்சல் இல்லை, சளி இல்லை, வேண்டுமென்றால் தொட்டுப் பாருங்கள் என்று.

"பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கறே, அம்மிணி. உள்ளுக்குள்ள இருந்தா ஆருக்குத் தெரியும்?" என்றேன்.

அவள் ஃபோனைப் பைக்குள் போட்டாள்.

"அப்ப நீங்க? நீங்களுந்தானுங்கப்பா கடைக்குப் போறீங்க, வர்றீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கென்ன. கல்லாட்டம் இருக்கறேன்."

அதற்குள் பாவாயி சத்தம் கேட்டு ஓடி வந்துவிட்டாள். மகளே என்று கம்பிக்குள் கையை நீட்டினாள். நான் பிடித்து இழுத்தேன். என் மேல் அடித்தாள், கழுத்தைப் பிடித்துத் தள்ளினாள், அத்தனை பலம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. விட்டால் பூட்டை உடைத்துவிடுவாள் போல இருந்தது. இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டேன். என் தோளில் முகத்தை வைத்து அவள் அழுது முடிக்கும் வரை விடவில்லை. முடித்துப் பார்த்தபோது கோகிலா இல்லை. சாத்துக்குடிப் பை கேட்டில் தொங்கியது. பவானியில் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டதாகப் பிறகு செய்தி அனுப்பினாள்.

பெற்ற மகளை வாசலோடு அனுப்பியவன் என்று ஊர் பேசும். பேசட்டும். பாவாயி உயிரோடு இருந்து என்னைத் திட்டினால் போதும் எனக்கு.

சாத்துக்குடியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மே 10, திங்கள்

பாவாயி என்னோடு பேசவில்லை. தறி ஓட்டினாள். மூச்சு பரவாயில்லை.

மே 11, செவ்வாய்

அவளுக்குக் காலையிலிருந்து இருமல். அழுது அழுது தொண்டை கட்டிக்கொண்டது. மிளகு கஷாயம் வைத்துக் கொடுத்தேன். இன்னும் பேசவில்லை, ஆனால் குடித்தாள்.

மே 12, புதன்

பாவாயிக்கு உடம்பு சுடுகிறது. பட்டறைப் புழுக்கத்தில் வியர்வை உடம்பிலேயே தங்கியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். அது இல்லை. எனக்குத் தெரிகிறது.

எங்கிருந்து வந்திருக்கும்? கேட் பூட்டியே இருக்கிறது. அவள் வெளியே போகவே இல்லை. கோகிலாவைத் தொடக்கூட விடவில்லை. பால்காரனாகத்தான் இருக்க வேண்டும். தூக்குப்போசியின் பிடியில் இருந்திருக்கும். நான் அதைத் துடைத்தா உள்ளே எடுத்து வந்தேன்?

மே 13, வியாழன்

பம்ப் கேட்கவில்லை. ஒன்றை முடித்துவிட்டு இரண்டாவதையும் எடுத்தாயிற்று. உட்காரவும் முடியவில்லை படுக்கவும் முடியவில்லை. என் மேல் சாய்த்து வைத்துக்கொண்டேன். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்குகிறது. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தால் அந்தப் பக்கம் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. அட்ரஸை மட்டும் திரும்பத் திரும்பக் கத்தினேன். அவளே ஃபோனை வாங்கிப் பேசினாள். மூச்சில்லாதவள் பேசித் தனக்கு வண்டி வரவழைத்தாள்.

மே 14, வெள்ளி

பெரிய ஆஸ்பத்திரியில் வண்டிகள் வரிசையாக நின்றன. எங்கள் முறை வரும் வரை வண்டிக்குள்ளேயே ஆக்சிஜன் வைத்தார்கள். வாயையும் மூக்கையும் மூடி ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். அதற்குள்ளிருந்து அவள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். உள்ளே ஆவி படிந்து உதடு தெரியவில்லை. என்ன என்று கேட்டேன். மறுபடியும் சொன்னாள். காதைக் கிட்டே கொண்டு போனேன், காற்று போகிற சத்தம்தான் கேட்டது. சரி சரி என்று தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்று தெரியவில்லை.

கட்டில் கிடைத்ததும் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். என்னை விடவில்லை. வெளியே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண், கூட இருந்தவர்கள் எல்லோரும் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்று என் மூக்கில் குச்சியை விட்டாள். வீண் வேலை என்றேன்.

மே 16, ஞாயிறு

எனக்கு இருக்கிறதாம்.

வேறு யாருடையதோ மாறிவிட்டது என்று சண்டை போட்டேன். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, ருசி தெரிகிறது, வாசம் தெரிகிறது. டாக்டர் பையன் நல்ல மாதிரி. மாஸ்க் போட்டிருந்ததால் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினான்: உங்களுக்கு அறிகுறி இல்லை, அவ்வளவுதான்.

பாவாயியைப் பார்த்துக்கொண்டதில் அவளிடமிருந்து எனக்கு வந்திருக்கும் என்றேன். இருக்கலாம் என்று தலையாட்டினான்.

மூடிக் கிடந்த ஒரு காலேஜில் கட்டில் போட்டு எங்களை வைத்திருக்கிறார்கள். நன்றாக இருக்கிறவர்கள் நிறையப் பேர். சீட்டாடுகிறார்கள், ஃபோனில் பாட்டுக் கேட்கிறார்கள். கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. எனக்கு இவர்களைப் பார்த்தால் எரிகிறது.

மே 17, திங்கள்

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அம்மா வந்து விசாரித்தார். வீட்டில் யார் யார், யார் வெளியே போவது, வீட்டுக்காரம்மா கடைசியாக எப்போது வெளியே போனார். அவள் சித்திரையில் கேட்டைத் தாண்டியதே இல்லை, நான் தாண்ட விடவில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அப்படியானால் கடைக்கு என்றார். நான் என்றேன். மருந்துக்கு? நான். காளியண்ணனோடு தறி மாற்றிக்கொள்வது? நான். அவர் எழுதிக்கொண்டே போனார். பால்காரனைப் பற்றியும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். சரிங்கய்யா என்றார், ஆனால் பேனா நகரவில்லை.

கோகிலாவுக்கு மறுபடியும் எடுத்தார்களாம். அவளுக்கு இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவள்தான் நிற்கிறாள்.

மே 19, புதன்

மத்தியானச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கோகிலா கூப்பிட்டாள். என்ன சொல்கிறாள் என்று எனக்குக் கேட்கவில்லை, அந்த ஹாலில் எதிரொலி வேறு. அழுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. பக்கத்துக் கட்டிலில் இருக்கிற லாரி டிரைவரிடம் ஃபோனைக் கொடுத்து, என் மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் கேட்டார். கேட்டுவிட்டு ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். எனக்குக் காது மந்தம், சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன். மறுபடியும் சொன்னார், கேட்கவில்லை. இன்னும் சத்தமாக என்றேன். பாவம் அந்த ஆள், அவருக்கு வேறு வழியில்லை.

"உங்க வீட்டம்மா தவறிட்டாங்களாமுங்க."

ஹால் முழுக்கக் கேட்டுவிட்டது. சீட்டாடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ பாட்டை நிறுத்தினார்கள். எல்லோரும் கேட்ட பிறகுதான் எனக்குக் கேட்டது.

மே 20, வியாழன்

கோகிலா மட்டும் போய் நின்றாள். தூரத்தில் நிற்க வைத்துக் காட்டினார்களாம். நான் போக முடியாது. எனக்கு இருக்கிறது.

மே 21, வெள்ளி

அவள் மூச்சை எழுதத்தான் இந்த டைரி. இனி எதை எழுதுவது.

மே 30, ஞாயிறு

வெளியே விட்டுவிட்டார்கள். சரியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எது சரியாகிவிட்டது என்று தெரியவில்லை. போனபோது எப்படி இருந்தேனோ அப்படியேதான் இருக்கிறேன்.

வீட்டில் கஷாயம் வைத்த பாத்திரம் பூசணம் பிடித்துக் கிடந்தது. சாத்துக்குடி இரண்டு அழுகியிருந்தது. பம்ப் தலையணைக்குக் கீழே. அழுத்திப் பார்த்தேன், இன்னும் வருகிறது.

பால்காரன் கேட்டுக்கு வெளியே நின்று துக்கம் கேட்டான். விடுவேனா, நீதான்டா அவளைக் கொன்றாய் என்று வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் தெருவில் முகாம் போட்டு வீடு வீடாகப் பரிசோதனை எடுத்தார்களாம். அவனுக்கும் இல்லை, அவன் வீட்டில் ஒருவருக்கும் இல்லை. அதைக்கூட அவன் பதிலாகச் சொல்லவில்லை. நான் திட்டி முடித்த பிறகு, தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனான். போசியில் பால் ஊற்றி வைத்திருந்தான்.

ஜூன் 8, செவ்வாய்

காளியண்ணன் பிழைத்து வந்துவிட்டான். அந்தியூரிலிருந்து பெண்டாட்டியும் வந்து கூட்டிக்கொண்டு போகிறாளாம். துணிமணி எடுக்க வந்தவன் பாவாயி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதான். உன் மீனால் வந்த வினை என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதுக்குக் குனிந்தான்.

"அண்ணா, நான் மீனுக்குப் போனது பங்குனியிலீங்க. மாரியாத்தா நோம்பி முடிஞ்சு நான் எங்கயுமே போகல. உங்க கூடத்தான் இருந்தேன்."

கோபமாகக்கூட அவன் சொல்லவில்லை. நான் அவனைப் பிடித்துத் தள்ளினேன். வெளியே போடா என்றேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நல்லவன். கும்பிட்டுவிட்டுத்தான் போனான்.

ஜூன் 9, புதன்

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது.

ஜூன் 28, திங்கள்

பட்டறையைத் திறக்கிறார்கள். முதலாளி வந்து இனிமேல் யாரும் நாடாவை வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லி, நூலை இழுக்கச் சின்னக் கம்பிக் கொக்கி கொடுத்தார். கண்ணுக்குள் விட்டுச் சுண்டினால் நூல் வந்துவிடுகிறது. ஒரு துண்டுக் கம்பி. சைக்கிள் கடையில் கேட்டால் சும்மா வளைத்துக் கொடுப்பான். இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

புது ஆள் ஒருவன் பாவாயியின் தறிக்கு வந்தான். தறியோரத்தில் நான் அவளுக்காக உறிஞ்சி வைத்த நாடாக்கள் அப்படியே வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கண்ணிலும் நூல் வெளியே வந்து தொங்குகிறது, அவள் எடுத்துப் போட வேண்டியதுதான். புது ஆள் கையை நீட்டினான். தொடாதே என்று கத்தினேன். அவன் பயந்துவிட்டான். வேட்டியில் அள்ளிக் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். அடுப்பில் வைக்கலாம் என்று நினைத்தேன், வைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன.

அவளுக்கு இழுக்கக் கூடாது என்றுதான் செய்தேன். பாவாயி, அதற்காகத்தான் செய்தேன்.

ஜூலை 11, ஞாயிறு

கோகிலா வந்தாள். பையோடு வந்தாள். இனி இங்கேயே இருந்து என்னைப் பார்த்துக்கொள்ளப் போகிறாளாம், வேலைக்குப் பிறகு போய்க்கொள்ளலாமாம். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

நான் உள்ளே, கேட்டுக்கு எட்ட இருக்கிற வேப்ப மரத்துக்கிட்டேயே நின்றுகொண்டேன். மாஸ்க்குக்கு மேல் துண்டையும் கட்டியிருந்தேன். கடைக்குப் போனாலும் இப்போதெல்லாம் அப்படித்தான், யாரிடமும் வாய் திறப்பதில்லை, சாமானைக் கையால் காட்டி வாங்கிக்கொள்கிறேன். ஏன் அங்கேயே நிற்கிறீர்கள் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கையால் வா வா என்று அழைத்தாள். நான் அசையவில்லை.

எனக்குப் புரியட்டும் என்று மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, அவள் அம்மா மாதிரியே உதட்டை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"உங்களுக்குச் சரியாயிருச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாருங்கப்பா. உங்களுக்கு ஒண்ணுமில்ல. கேட்டைத் தொறங்க."

"பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கறேன், அம்மிணி" என்றேன்.

அவளுக்கு முகம் மாறிவிட்டது. நான் அன்றைக்குச் சொன்னது அவளுக்கு மறந்திருக்காது. நானே பேசினேன்.

"அப்பவும் நல்லாத்தான் இருந்தேன்."

இத்தனை நாளில் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்த டைரியில்கூட எழுதவில்லை. சொல்லிவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

கோகிலா கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து ஏதோ சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, தறி ஒன்றும் ஓடவில்லை, இருந்தும் எனக்குக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் அதுவும் தெரியவில்லை. திட்டினாளா, இல்லை, 'அப்படியில்லை அப்பா' என்றாளா. அவள் மறுபடியும் அதையே சொன்னாள். கம்பிக்குள் கையை விட்டு, கிட்டே வாங்க, காதைக் கொடுங்க என்று சைகை காட்டினாள்.

சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. நாலு எட்டு வைத்துப் போய், கம்பியோரம் காதைக் கொடுத்தால் என் மகள் சொல்வது எனக்குக் கேட்டுவிடும்.

நான் போகவில்லை.